பெரியவீட்டுச் சிவப்பு

1932 நவம்பர் 7, திங்கள்

இன்று சந்தையில் ஒருவனை அடித்தேன். வண்டி நிறுத்துகிற இடத்தில் என் வெள்ளைக்காளையின் மூக்கில் சாட்டையால் சுண்டினான். கன்னத்தில் ஒன்றுதான் கொடுத்தேன், ஒரு பல் கீழே விழுந்தது. அவன் குனிந்து புழுதிக்குள் அதைத் தேடினான். எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. நானும் சேர்ந்து தேடினேன். கிடைக்கவில்லை.

இந்த நோட்டு தம்பி தங்கையன் தந்தது. மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் அவன். போன மாதம் கருவாட்டு வியாபாரி ஒருவனை நான் சவுட்டி மிதித்த பிறகு கொண்டுவந்து கையில் வைத்தான். “கோவம் வரும்போ இதுல எழுதுங்கண்ணே. எழுதுற கை அடிக்காதுல்லா” என்றான். நாலாம் கிளாஸ் வரை படித்தவன், எனக்கும் எழுத வரும். ஆனால் அடித்து முடித்து வீட்டுக்கு வந்த பிறகுதான் நோட்டு ஞாபகம் வருகிறது.

நவம்பர் 10

மாசி மாதம் தங்கையனுக்குக் கல்யாணம். பெண் நெய்யூர் விக்டோரியா. அவளும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறவள்தான். அவள் கால் வைத்து ஏற வீட்டுக்கு ஒரு ஒழுங்கான நடை இல்லை. அப்பா போட்ட மூன்று கல்லும் மூன்று பக்கம் சாய்ந்து கிடக்கின்றன. ஐந்து படி, இரண்டு பக்கமும் கைச்சுவர், வாசலில் இரண்டு தூண் என்று கொத்தனார் கோலப்பனிடம் சொல்லிவிட்டேன். வெட்டுக்கல்லில் கட்டி, சாந்து பூசி, அதற்குமேல் பெயிண்டு.

மண் என் பொறுப்பு. தேங்காய் ஏற்றிக்கொண்டு மணவாளக்குறிச்சிக்குப் போகிற என் வண்டி, திரும்பும்போது பாதி நாள் சும்மாதான் வருகிறது. கடற்கரையில் ஏழு வண்டி மண் அள்ளிவிட்டேன். கறுப்பும் வெள்ளையும் கலந்து மினுங்குகிற மண். குழித்துறை ஆற்று மண்தான் நல்லது என்று கோலப்பன் முனகினான். வெள்ளைக்காரன் கம்பெனி வைத்துக் கப்பலில் ஏற்றிப்போகிற மண் என் நடைக்கு ஆகாதா?

நிறம்தான் தீரவில்லை. என் பெண்சாதி நேசம்மாளுக்கு எதைச் சொன்னாலும் ஒரு சொல் இருக்கிறது. “காவி அடிச்சா அய்யாவழிக்காரங்க பதின்னு நினைச்சுக் கும்பிடுவாங்க. நீலம் கடக்கரை மாதா கோயிலுக்கு. பச்சை அடிச்சா தேங்காய்ப்பட்டணத்துக்காரங்க பள்ளிவாசல்னு செருப்பைக் கழத்திருவாங்க. எல்லா நெறத்துக்கும் ஆளு இருக்கு. நமக்கு என்ன மிச்சம்?”

“வெள்ளை போதும் மைனி. சுண்ணாம்பு அடிச்சா பளிச்சுன்னு இருக்கும்” என்றான் தங்கையன்.

எனக்கு என்ன நிறம் வேண்டுமென்று பத்து வயதிலேயே தெரியும்.

நவம்பர் 13, ஞாயிறு

இன்று சொல்லிவிட்டேன். சிவப்பு. ஊர் நிலமெல்லாம் வைத்திருக்கிற பெரியவீட்டு நடை எந்தச் சிவப்போ, அதே சிவப்பு.

தங்கையன் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். அவனுக்கு அந்தக் கதையைச் சொன்னவனே நான்தான். அது நடந்தபோது அவன் கைக்குழந்தை. அப்பா ஓலைக் கடகத்தில் கருப்பட்டி சுமந்து பெரியவீட்டுக்குப் போனார், பின்னால் சின்னக் கடகத்தோடு நான். நல்ல மழை. கருப்பட்டி நனைந்துவிடக் கூடாதென்று அப்பா முன்வாசலில் முதல் படியில் ஏறி ஒதுங்கினார். எங்கள் சாதிக்காரன் கால்வைக்கக் கூடாத நடை அது. ஒரே ஒரு படி. காரியஸ்தனும் இரண்டு ஆட்களும் வந்தார்கள். அதே படியில் அவரைக் குப்புறத் தள்ளி, தென்னைமட்டையால் முதுகு கிழிய அடித்தார்கள். நான் கடகத்தை இறக்கக்கூட இல்லை. பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பாவின் சட்டையில்லாத முதுகிலிருந்து வழிந்தது எதுவும் அந்தப் படியில் தெரியவில்லை. சிவப்போடு சிவப்பாய்ப் போய்விட்டது.

“அந்த நெறத்துல கிடத்தித்தாண்ணே அப்பாவை அடிச்சாங்க. அதையா கொண்டுவந்து நமக்க வாசல்ல பூசப்போறிய?” என்றான் தங்கையன்.

“எந்தப் படியில ஏறக்கூடாதுன்னு அடிச்சானோ, அதே படியை எனக்க வீட்டுல வச்சு மிதிப்பேன்.”

“அடிச்சவனுக்க நெறத்தைப் பூசினா, பட்ட அடி இல்லைன்னு ஆயிருமா?”

செம்பை எடுத்து எறிந்தேன். அவன் காதை ஒட்டிப் போய்ச் சுவரில் பட்டது. அவன் எழுந்து கைகழுவிவிட்டு, செம்பை எடுத்து என் பக்கத்திலேயே வைத்தான். “நசுங்கிட்டு” என்று மட்டும் சொன்னான்.

வாத்தியார்களுக்கு இந்தத் திமிர் எங்கிருந்து வருகிறது?

நவம்பர் 24

கோலப்பனை அறைந்தேன். வேண்டுமென்று அறையவில்லை, ஆனாலும் அறைந்துவிட்டேன்.

பூச்சுவேலை தொடங்க வந்தவன் மண்குவியலில் கையை விட்டான், முகர்ந்தான், என்னைப் பார்த்தான். “மொதலாளி, ஒரு காரியம் சொல்லணும். மேல நீங்க என்ன பெயிண்டு அடிச்சாலும்...” அவ்வளவுதான் சொன்னான். தங்கையன் இவனையும் பிடித்துச் சிவப்பு வேண்டாமென்று சொல்லவைத்திருக்கிறான் என்று எனக்குத் தோன்றியது. கை போய்விட்டது.

அவன் கீழே விழுந்த துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். “உங்க வீடு, உங்க மண்ணு” என்றான். அதற்குப் பிறகு சாயங்காலம்வரை ஒரு பேச்சில்லை. வேலைக்காரன் பேசாமல் வேலை செய்தால் நல்லதுதானே.

டிசம்பர் 6

பூச்சு முடிந்தது. மழை விடவில்லை. காயட்டும்.

டிசம்பர் 19

கோட்டாற்றில் வாங்கிய இரண்டு தகரம் பெயிண்டும் தீர்ந்தது. முதல் கை அடித்து, இரண்டு நாள் விட்டு, இரண்டாம் கை. தூணுக்கும் அதே சிவப்பு. இன்று காய்ந்ததும் ஏறினேன். இறங்கினேன். திரும்ப ஏறினேன்.

“மாடு செக்கு சுத்துத மாதிரி என்னத்துக்கு?” என்றாள் நேசம்மாள்.

பன்னிரண்டு தடவை ஏறி இறங்கினேன். கண் நிறைந்துவிட்டது, எழுதுவதற்கு என்ன வெட்கம்.

டிசம்பர் 25, ஞாயிறு

கோயில் முடிந்து பலபேர் வந்தார்கள். எல்லோரும் படியைக் குனிந்து பார்த்துத்தான் ஏறினார்கள். பெரியவீட்டுக் காரியஸ்தனின் மகன் ரோட்டில் போனவன் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போனான். எனக்கு அது போதும்.

தங்கையன் இன்றைக்கும் அடுக்களை வழியாகத்தான் வீட்டுக்குள் வந்தான். பெயிண்டு அடித்த நாளிலிருந்து அப்படித்தான். பண்டிகை நாளாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

1933 ஜனவரி 10

இரண்டாம் படியில் பெயிண்டு அப்பளம்போலப் பொங்கியிருக்கிறது. தொட்டதும் பெயர்ந்து கையோடு வந்தது. அடியில் வெள்ளைப் பொடி.

சுண்ணாம்பு. எவனோ சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்திருக்கிறான். மழை நின்று நாலு நாள் வெயில் அடிக்கிறது, எல்லாம் நன்றாகக் காய்ந்து கிடக்கிறது. தானாகவா பொங்கும்? வெளியாள் யார் வந்து என் வாசலில் உட்கார்ந்து இதைச் செய்வான்?

வெள்ளை போதும் என்று சொன்னவன் யார்?

ஜனவரி 15, ஞாயிறு

சுரண்டிவிட்டுத் திரும்பவும் அடித்தேன். கோயில் கலைகிற நேரத்தில் கோயில் வாசலிலேயே நின்று எல்லோரும் கேட்கச் சொன்னேன்: “எனக்க நடையில கைவைக்கிறவன் எவனா இருந்தாலும், அந்தக் கையை முறிப்பேன். கூடப்பிறந்தவன்னு பாக்கமாட்டேன்.” தங்கையன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு நின்றுகொண்டிருந்தான். பிள்ளைகள் அவனை அண்ணாந்து பார்த்தார்கள்.

ஜனவரி 21

மூன்றாம் படியும். அதே வெள்ளைப் பொடி.

நேருக்கு நேர் கேட்டேன். “நான் தொடல்லண்ணே. பைபிள் மேல கைவைக்கட்டுமா?” என்றான். வைக்கச் சொன்னேன். வைத்தான். பைபிளில் கைவைத்துப் பொய் சொல்லுகிறானே என்று இன்னும் கொதித்தது. சோற்றுத் தட்டு முற்றத்தில் போய் விழுந்தது.

“ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க” என்றாள் நேசம்மாள். அவளையும் அடித்தேன். உதடு கிழிந்துவிட்டது. முந்தானையால் ஒற்றிக்கொண்டே தட்டைப் பொறுக்கினாள். “அம்மா பெத்த பிள்ளையை நம்பமாட்டிய, சுண்ணாம்பை நம்புவிய” என்றாள்.

எழுதுகிற கை அடிக்காது என்றான். எழுதிக்கொண்டுதானே இருக்கிறேன்.

ஜனவரி 24, செவ்வாய்

இதை எழுதணும்.

விடிஞ்சும் விடியாம மாட்டுக்குத் தண்ணி காட்ட எழும்பினேன். நடையில ஒருத்தன் குத்தவச்சு இருக்கான். தங்கையன். ஒரு கையில பேனாக்கத்தி, படியைச் சுரண்டுகான். மற்ற கை விரலு வாயில. என்னைக் கண்டதும் எந்திச்சான். பயப்படல்ல. முகத்துல ஒரு சந்தோஷம்கூட இருந்துது. “அண்ணே, இங்க பாருங்க” என்று விரலை நீட்டினான். விரல் முழுக்க வெள்ளை.

வண்டிக்கு முட்டுக் கொடுக்கும் கட்டை கையில் இருந்தது. எப்போது எடுத்தேன்? முதல் அடி தோளில் விழுந்தது. அடுத்தது தலைக்குப் போனது. அவன் கையைத் தூக்கித் தலையை மறைத்தான், முழங்கையில் விழுந்தது. காய்ந்த விறகை ஒடித்த சத்தம். அங்கேயாவது நிறுத்தியிருக்கணும். நிறுத்தினேனா? இல்லை. கீழே விழுந்தவனை முதுகில் அடித்தேன், காலில் அடித்தேன். அவன் திட்டவில்லை, திருப்பி அடிக்கவில்லை. “அண்ணே, சொல்லுகேன், அண்ணே, கேளுங்க” என்றான். கேட்டால்தானே.

நேசம்மாள் வந்து அவன்மேல் விழுந்தாள். ஒரு அடி அவள் தோளிலும் பட்டது. அப்போதுதான் கட்டை கீழே விழுந்தது.

அவன் தலையிலிருந்து எங்கோ ரத்தம் வந்தது. நேசம்மாள் படியெல்லாம் கையால் தடவிப் பார்த்தாள். “எவ்வளவு போச்சுன்னே தெரியல்லியே, இந்தச் சவத்துச் சிவப்புல” என்று சொல்லிச் சொல்லித் தடவினாள்.

பெரியவீட்டில் நான் பார்த்துக்கொண்டு நின்றது முதல் படி. இது மூன்றாம் படி.

ஜனவரி 25

என் வண்டியில்தான் நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வைக்கோல் பரப்பிக் கிடத்தினோம். ஒவ்வொரு குழியிலும் முனகினான். வலது முழங்கை எலும்பு நொறுங்கிவிட்டதாம்.

எப்படி என்று டாக்டர் கேட்டார். “வண்டியில இருந்து விழுந்துட்டேன்” என்றான் தங்கையன். டாக்டர் என்னைப் பார்த்தார். “ஆமா” என்றேன்.

ஜனவரி 30

ஆஸ்பத்திரியில் அவன் வண்டியிலிருந்து விழுந்தவன். ஊரில் அவன் நடையைக் கெடுத்து அடிவாங்கினவன். ஊருக்கு அந்தக் கதையைச் சொன்னது நான். செய்தது சரி என்று நாலுபேர் சொன்னார்கள். மற்றவர்கள் என் வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள்.

எல்லாப் படியையும் சுரண்டி மூன்றாவது தடவை சிவப்பு அடித்தேன். இனி எவன் கெடுப்பான், பார்ப்போம். நேசம்மாள் வாசல்பக்கம் வருவதில்லை. சோறு மட்டும் வருகிறது.

பிப்ரவரி 11, சனி

பொங்கியிருக்கிறது.

ஐந்து படியும். இரண்டு தூணும், என் இடுப்பு உயரத்துக்கு. தங்கையன் நாலு மணிநேர வண்டிப்பாதைக்கு அப்பால், கட்டிலில், கையில் பலகை கட்டிக் கிடக்கிறான்.

ரொம்ப நேரம் படியிலேயே இருந்தேன். வெள்ளைப் பொடியை விரலில் எடுத்தேன். அன்றைக்கு அவன் விரல் வாயில் இருந்தது நினைவுக்கு வந்தது. நாக்கில் வைத்தேன்.

உப்பு.

சுண்ணாம்பு இல்லை. உப்பு. கடல் உப்பு. நான் ஏழு வண்டியில் ஏற்றி, மாட்டைத் தட்டி ஓட்டிக் கொண்டுவந்த உப்பு.

நேரே கோலப்பன் வீட்டுக்குப் போனேன். அவன் கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டே பேசினான். “கடல் மண்ணு மழைக்குச் சும்மா கிடக்கும். வெயில் அடிச்சா உள்ள இருக்க உப்பு வெளிய வரும். மேல நீங்க என்ன பெயிண்டு அடிச்சாலும் தள்ளிரும். அண்ணைக்கு அதைச் சொல்லத்தானே வாயைத் திறந்தேன், மொதலாளி.”

உப்பு தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டுமாம். தின்றது நான். குடித்தது யார்?

பிப்ரவரி 12, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலருகே விக்டோரியா இருந்து தங்கையனுக்குக் கரண்டியால் கஞ்சி கோரிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். மண், உப்பு, கோலப்பன்.

“தெரியும்ணே” என்றான் தங்கையன். “அண்ணைக்கு நாக்குல வச்சுப் பாத்தேன். அதைக் காட்டத்தான் உங்களை விளிச்சேன். கள்ளன் யாரும் இல்லை, உப்புதான்னு தெரிஞ்சா உங்க மனசு ஆறும்னு நினைச்சேன்.”

“பிறகு ஏன்லே சொல்லல்ல? இத்தனை நாளு?”

“நீங்க கேக்கல்லியே.”

முழங்கை இனி முழுக்க நீளாது, முழுக்க மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். போர்டில் எழுத அந்தக் கை உதவாது. இடது கையால் எழுதிப் பழகவேண்டும்.

வெளியே வந்தபோது விக்டோரியா பின்னாலேயே வந்தாள். சின்ன உருவம். கண்ணைப் பார்த்துத்தான் பேசினாள். “கல்யாணம் நடக்கும். அவருக்க கை எப்படி இருந்தாலும் நடக்கும். ஆனா அந்த நடையில நான் கால்வைக்கமாட்டேன். அவரையும் விடமாட்டேன்.”

அவள் என்னை அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

பிப்ரவரி 13

கடப்பாரை எடுத்து ஐந்து படியையும் உடைத்தேன். தூணைச் சரித்தேன். காலையில் தொடங்கி உச்சிவெயில்வரை. உள்ளங்கை கிழிந்து கடப்பாரையெல்லாம் ரத்தம். உடைந்த துண்டுகளையும் விடாமல் சம்மட்டியால் அடித்துத் தூளாக்கினேன்.

நேசம்மாள் வாசலில் நின்று பார்த்தாள். “அதையும் அடிச்சுத் தீத்தாச்சா?” என்றாள்.

கடப்பாரையைக் கீழே வைத்தேன்.

பிப்ரவரி 26, ஞாயிறு

கோயிலில் எழுந்து நின்று சொன்னேன். தம்பி நடையைத் தொடவில்லை. மண் நான் கொண்டுவந்தது. அவனை அடித்தது நான். வண்டியிலிருந்து அவன் விழவில்லை. சொல்லி முடித்து நின்றேன். பின்னால் யாரோ இருமினார்கள்.

மார்ச் 16

மாசி தாண்டி, நெய்யூரில் கல்யாணம். கடைசி பெஞ்சில் இருந்தேன். தங்கையன் இடது கையால் கையெழுத்துப் போட ரொம்ப நேரம் ஆனது. எல்லோரும் காத்திருந்தார்கள். அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலையும் பார்த்துக்கொண்டான்.

1934 ஜனவரி 8

வாசலில் ஒரு வருடமாக ஒரு பலகைதான். கோலப்பனைக் கூப்பிட்டு, முதலில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். மண் அவனையே எடுக்கச் சொன்னேன். ஆற்று மண். “என்ன நெறம்?” என்றான். வெள்ளை என்றேன்.

ஜூன் 3

தங்கையனின் கார்டு. பெண் குழந்தை. கிரேசி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எழுத்து ஒன்றாம் கிளாஸ் பிள்ளையின் எழுத்துபோல மேலும் கீழும் போகிறது. அவன் கையெழுத்து முன்பு அச்சடித்த மாதிரி இருக்கும்.

வருகிறோம் என்றும் இல்லை, வரமாட்டோம் என்றும் இல்லை.

செப்டம்பர் 20

சந்தையில் ஒருவன் என் வண்டியை இடித்து அச்சை முறித்தான். ஒன்றும் செய்யாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். வாசலில் இருந்து இதை எழுதுகிறேன். நடையைக் கழுவினேன். மாதம் ஒருமுறை சுண்ணாம்பு அடிக்கிறேன். ஒரு எறும்பு ஏறினால்கூடத் தெரிகிறது.

டிசம்பர் 26, புதன்

வந்தார்கள்.

கால்வைக்கமாட்டேன் என்று சொன்ன விக்டோரியாவும் வந்தாள். வீட்டுக்கு வருகிற ஒழுங்கையில் வண்டிச் சத்தம் கேட்டபோது நானும் நேசம்மாளும் வாசலில் நின்றோம். விக்டோரியா நடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மெதுவாக முதல் படியில் கால்வைத்தாள். பின்னால் தங்கையன், இடது கையில் குழந்தையை அணைத்துக்கொண்டு. வலது கை வளைந்தபடி நின்றது. மெலிந்திருந்தான். சிரித்தான். “நல்லாயிருக்கு அண்ணே, வெள்ளை” என்றான்.

மூன்றாம் படிக்கு வந்துவிட்டான். குழந்தையை வாங்க நான் ஒரு படி இறங்கிக் கையைத் தூக்கி நீட்டினேன்.

அவனுடைய வளைந்த கை சட்டென்று மேலே போய்த் தலையை மறைத்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். குழந்தையை நெஞ்சோடு அமுக்கிவிட்டான், அது அழத் தொடங்கியது.

என் கை அந்தரத்தில் நின்றது.

பிறகு கையை மெல்ல இறக்கினான். “வெயிலு. கண்ணுல அடிச்சுது” என்றான்.

“ஆமா, வெயிலு” என்றேன்.

காலையிலிருந்து மழைமூட்டம். நேசம்மாள் இறங்கிப் போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.